ஞானப்பல்: அவசரமும் அலட்சியமும்



கொல்லிமலைக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கச் சென்று வரும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நாங்கள். சோளக்காட்டுச் சந்தையும் செம்மேட்டுக் கடைத்தெருவும் எங்கள் பெரியவர்களின் காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கமானவை. சென்ற அறுவடைக் காலத்தில் மலையிலேயே தங்கியிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குக் கீழ்த்தாடையின் கடைக்கோடியில் வலி கண்டது. வயது 22. கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டான். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினான். வலி தணிந்ததும் மூட்டை கட்டப் போய்விட்டான்.

இதே வலி அதற்கு முன் இரண்டு முறை வந்து போயிருந்தது. அப்போதெல்லாம் அவன் வீட்டில் சொல்லத்தான் செய்தான். "ஞானப்பல் முளைத்தால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்களே. மூன்றாம் முறை வலி தணிந்த நான்காம் நாள் கன்னம் வீங்கியது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே, சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரையுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த இரவில் அவன் இறங்கினான். கீழே மருத்துவர்கள் சீழை வெளியேற்றினார்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சுப் பாதையை நெருக்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று பின்னர் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான். சில நாட்கள் கழித்து அந்தப் பல் எடுக்கப்பட்டது.

இந்தக் கட்டுரை அந்த இரவைப் பற்றியது என்பதைவிட, அதற்குப் பின் எங்கள் உறவுக்குள் நடந்ததைப் பற்றியது. ஒரு வீட்டார் அஞ்சிப்போய், எந்த வலியும் இல்லாத 18 வயது மகளை அழைத்துச் சென்று, நான்கு ஞானப்பற்களையும் ஒரே வாரத்தில் எடுத்துவிட நாள் குறித்தார்கள். இன்னொரு வீட்டாரோ, ஆஸ்பத்திரிப் பக்கம் போனால்தான் இல்லாத நோயெல்லாம் வரும் என்று சொல்லி, ஈறு வீங்கியிருந்த மகனைப் பல் மருத்துவரிடம் காட்ட மறுத்தார்கள். ஒரே நிகழ்விலிருந்து இரண்டு வீடுகள் இரண்டு தவறான பாடங்களைப் படித்தன. இரண்டையும் எதிர்த்தே எழுதுகிறோம்.

இந்தப் பல் என்ன செய்கிறது?

அரபியில் இதனை அறிவின் பல் என்னும் பொருளில் 'ளிர்ஸுல் அக்ல்' என்கிறார்கள். தமிழிலும் ஞானப்பல், அறிவுப்பல் என்றே வழங்குகிறோம். பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைப்பதால் வந்த பெயர் இது. மற்ற பற்களெல்லாம் இடம்பிடித்த பின் கடைசியாக வருவதால், தாடையில் போதிய இடம் இல்லாமற்போவதுண்டு. சிலருக்கு நேராக முளைத்து மற்ற கடைவாய்ப்பற்களைப் போலவே வேலை செய்யும். சிலருக்கு எலும்புக்குள்ளேயே புதைந்து வாழ்நாள் முழுவதும் தொல்லையின்றிக் கிடக்கும். சிலருக்கு முளைப்பதேயில்லை. இவர்களில் யாருக்கும் பல் பிடுங்க வேண்டிய தேவை தானாக எழுவதில்லை.

தொல்லை தருவது பெரும்பாலும் பாதி முளைத்து, பாதி ஈறுக்குள் நிற்கும் பல்தான். அதன் மேல் ஈறு ஒரு மூடிபோலப் படிந்திருக்கும். அந்த மூடியின் அடியில் உணவுத் துகள் தங்கும். அங்கே கிருமி பெருகும். ஈறு சிவந்து வீங்கும். பல் முன்புறமாகச் சாய்ந்திருந்தால், அதற்கு முன்னால் நிற்கும் நல்ல கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் இடுக்கு உண்டாகி அங்கே சொத்தை தொடங்கும். அந்த இடத்துக்கு மிஸ்வாக்கும் எளிதில் எட்டாது, பிரஷும் எளிதில் எட்டாது. ஆகவே, ஐவேளையும் பல் துலக்கும் வீட்டிலும் இது வரக்கூடும். யாருடைய சுத்தக் குறைவின் மீதும் பழி போட வேண்டாம்.

அவசரத்துக்கு எதிராக

"இப்போது தொல்லை இல்லாவிட்டாலும் பின்னால் வரும், எடுத்துவிடுங்கள்" என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். இந்தச் சொல்லுக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு? பிரிட்டனில் சிகிச்சைகளின் தகுதியை மதிப்பிடும் நைஸ் என்னும் அரசு அமைப்பு, நோயற்ற ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வழிகாட்டியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 2008ஆம் ஆண்டு இதே வழக்கத்தை எதிர்த்துக் கொள்கை அறிவித்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020ஆம் ஆண்டில் மறுபடியும் ஆராய்ந்தபோது, நோயும் அறிகுறியும் இல்லாத ஞானப்பல்லை எடுப்பதா, விட்டுவைப்பதா என்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. சான்று இல்லாத இடத்தில் ஒருவர் உறுதியாகப் பேசினால், அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முன்பற்கள் நெருக்கி வளைந்துவிடும் என்பது இன்னொரு அச்சுறுத்தல். மகளின் சிரிப்பைப் பற்றிய கவலையாக இது பெற்றோரிடம் வந்து சேர்கிறது. முன்பற்கள் நெருங்குவதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் அது நேர்கிறது. அந்தக் காரணத்துக்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பது தகாது என்பதே இன்று பரவலான கருத்து.

அறுவைக்கும் விலை உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகில், கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வைத் தரும் நரம்பு ஓடுகிறது. நாக்குக்குச் செல்லும் நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரங்கள் மரத்துப்போகும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது நிரந்தரமாகவே நின்றுவிடும். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் நோயில்லாத பல்லை எடுத்து உதட்டின் உணர்வை இழந்த ஒருவருக்கு அந்தச் சிறிய எண்ணிக்கை என்ன ஆறுதல் தரும்? உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஓர் எக்ஸ்ரேகூடப் பார்க்காமல், மற்றொருவருக்கு நேர்ந்ததைக் கண்டு அஞ்சி, அதன் ஒரு பகுதியை அறுத்தெடுக்கச் சொல்வது அமானிதம் பேணுதல் ஆகாது.

அலட்சியத்துக்கு எதிராக

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதான்" என்று இரண்டாம் வீட்டார் மகிழ வேண்டாம். அதே நைஸ் வழிகாட்டுதல், எப்போது பல்லை எடுக்க வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்கிறது. அடைத்துச் சரிசெய்ய முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, முகத்திலும் கழுத்திலும் பரவும் வீக்கம், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லைக் கரைத்துக்கொண்டிருக்கும் நிலை ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் எடுப்பதே முறை. ஞானப்பல்லைச் சுற்றி ஈறு அழற்சி ஒரு முறை வந்து, அது கடுமையாக இல்லாவிட்டால் பொறுக்கலாம். இரண்டாம் முறை வந்தாலே எடுப்பதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைக்கு மூன்று முறை வந்திருந்தது.

கிராம்பு வலியை மரக்கச் செய்யும். அடியில் உள்ள சீழை அது அகற்றாது. வலி மாத்திரையும் அப்படியே. கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக், வீக்கத்தைச் சில நாள் அடக்கிவைத்து, நோய் போய்விட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது. ஈறின் அடியைச் சுத்தம் செய்யாமலும், காரணமான பல்லைக் கவனிக்காமலும் மாத்திரையை மட்டும் விழுங்குவது, எரியும் அடுப்பைத் துணி போட்டு மூடுவது போன்றது.

இன்னோர் எச்சரிக்கை. வாய் திறக்க முடியவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஞானப்பல்லே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பாக்கும் பான் மசாலாவும் மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி நார்போலாகி, வாய் மெல்ல மெல்லச் சுருங்கும் நோய் வருகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்துள்ளது. ஆறாத புண், வெண்திட்டு, நாளுக்கு நாள் குறுகும் வாய் ஆகியவற்றை "பல் முளைக்கிறது" என்று சொல்லித் தள்ளிப்போட்டால் இழப்பது பல்லோடு நிற்காது.

"அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று சொல்லி வாளாவிருப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர்த்து எந்த நோய்க்கும் நிவாரணம் உண்டு என்றும் அவர்கள் கற்பித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வலிக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டாதீர்கள்.

காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு

எங்கள் வாதத்தின் மையம் இதுதான். "நோயில்லாவிட்டால் எடுக்காமல் காத்திருக்கலாம்" என்ற அறிவுரை, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையின் மீது நிற்கிறது. பார்ப்பவர் இருந்தால் அது காத்திருத்தல். பார்ப்பவர் இல்லையென்றால் அதற்குக் கைவிடுதல் என்று பெயர். பல் மருத்துவம் எளிதில் கிடைக்கும் பிரிட்டனிலேயே 2000க்குப் பின் வந்த ஆண்டுகளில், ஞானப்பல் எடுத்துக்கொள்வோரின் சராசரி வயது உயர்ந்தது. முன்னிற்கும் நல்ல பல்லில் சொத்தை விழுந்த பின் எடுக்க வந்தவர்களும் கூடினார்கள். அங்கேயே அப்படியென்றால், கொல்லிமலையில் எப்படி?

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சேலம், திருச்செங்கோடு பகுதிகளில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உள்கிராமங்களிலிருந்து செம்மேட்டுக்கு வருவதே ஒரு பயணம். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து, வளைவுகளில் தலைசுற்றி இறங்கி, எக்ஸ்ரே எடுத்து, "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் ஒருவர் ஆறு மாதம் கழித்து வருவாரா? வரமாட்டார். வீங்கிய பிறகுதான் வருவார்.

எனவே ஒரே பல்லுக்கு, ஆள் வாழும் இடத்தைப் பொறுத்து விடை மாறலாம். மருத்துவர் தெருமுனையில் இருக்கும் ஊரில் காத்திருக்கத் தக்க பல், மலைமேல் வாழ்பவருக்கு முன்னதாகவே எடுக்கத் தக்கதாக இருக்கலாம். குறிப்பாகப் பாதி முளைத்து, முன்புறம் சாய்ந்து, ஒரு முறை அழற்சி கண்ட பல் அத்தகையது. வயதும் கணக்கில் வரும். இருபதுகளின் தொடக்கத்தில் எலும்பு இளகியிருக்கும்; காயம் விரைந்து ஆறும். முப்பதுகளைத் தாண்டினால் எலும்பு இறுகி, எடுப்பது கடினமாகும். ஆனால் இது நோயில்லாத நான்கு பற்களையும் எடுக்கத் தரும் உரிமம் ஆகாது. எந்தப் பல், என்ன நிலை, ஆள் எங்கே வாழ்கிறார், திரும்பி வர இயலுமா என்ற நான்கையும் மருத்துவரோடு சேர்ந்து எடைபோட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. நீங்கள் மலையில் வாழ்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

கல்யாணப் பத்திரிகையும் விமான டிக்கெட்டும்

நம் வீடுகளில் பல்லின் நாளைக் குறிப்பது பெரும்பாலும் பல்லாக இருப்பதில்லை. பெண் பிள்ளைக்கு ஈறு வீங்கினால், "நிக்காஹ் முடியட்டும், முகம் வீங்கியிருந்தால் பெண் பார்க்க வருபவர்கள் என்ன நினைப்பார்கள்" என்கிறோம். நிக்காஹ் முடிகிறது. பொறுப்பு மாமியார் வீட்டுக்கு மாறுகிறது. அங்கே, "வந்ததும் வராததுமாக ஆஸ்பத்திரிச் செலவா" என்ற பேச்சுக்கு அஞ்சி அவள் வாய்மூடிக்கொள்கிறாள். அடுத்து அவள் கருவுறுகிறாள். அந்தக் காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். எக்ஸ்ரேக்கும் மருந்துக்கும் தயக்கம் வரும். 19 வயதில் தன் அத்தாவின் வீட்டிலேயே தீர்ந்திருக்க வேண்டிய ஒன்று, 22 வயதில் இரண்டு உயிர்களின் கவலையாக மாறுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு நோய்த்தொற்று பரவினால் எந்த மாதமாயினும் சிகிச்சை தள்ளத் தக்கதன்று. அவசரமில்லாததை நடு மூன்று மாதங்களில் செய்வது வழக்கம். ஆனால் அந்த நிலைக்கு அவளைத் தள்ளியது நம் கணக்கு. வலிப்பது அவளுக்கு, முதலில் கேட்க வேண்டியதும் அவளிடம்தான்.

ஆண் பிள்ளைகளுக்கு வளைகுடா. விசா வந்ததும் பெட்டி கட்டுகிறோம்; வாயைத் திறந்து பார்க்கச் சொல்வதில்லை. அங்கே பல் மருத்துவம் செலவு மிகுந்தது. பல நிறுவனக் காப்பீடுகள் பல்லைச் சேர்ப்பதில்லை. முதல் மாதச் சம்பளம் பல்லுக்குப் போவதும், செலவுக்கு அஞ்சி வலி மாத்திரையிலேயே விடுமுறை வரை காலந்தள்ளுவதும் நாம் அறிந்த கதைகள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எடுக்க வேண்டிய பல் என்றால் காயம் ஆறக் காலம் கிடைக்கும். டிக்கெட் கையில் இருக்கும் வாரத்தில் அறுவை செய்துகொண்டு ஏறுவதும் அறிவுடைமையன்று.

நம் முகாம்களைப் பற்றி

நம் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. மலைக்கும் சென்றிருக்கிறோம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நம் வியாபாரத்தின் கூட்டாளிகள், நம் அண்டையர். அண்டையரின் உரிமை நம் மீது உண்டு. ஆனால் ஒரு நாள் சென்று, பேனர் கட்டி, வலித்த பல்லையெல்லாம் பிடுங்கி, பற்பசை கொடுத்து, படம் எடுத்துத் திரும்பினால் மறுநாள் இரத்தம் கசிந்தால் யாரிடம் போவார்கள்? மூன்றாம் நான்காம் நாளில் பல் எடுத்த குழி காய்ந்து கடும் வலி கண்டால் யார் பார்ப்பார்கள்? மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி. அறிந்து செய்தவரும் பின்தொடராமல் விட்டால், பொறுப்பிலிருந்து முழுவதும் நீங்கிவிட்டார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆண்டுக்கு ஒரு பெரிய முகாமைவிட, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மருத்துவர், அதே பெயர்ப் பதிவேட்டோடு வருவது மேல். எக்ஸ்ரே தேவைப்படுவோரை ஒரு வண்டியில் கீழே அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். ஜகாத்துக்கு அதற்குரிய வரம்புகள் உண்டு; ஸதகாவுக்குக் கதவு அகலம். பேனர் செலவை வண்டி வாடகைக்கு மாற்றினாலே தொடங்கிவிடலாம்.

முடிவெடுக்கும் முன்

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: எந்தப் பல்லில், என்ன நோய் இருக்கிறது? முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் அதைக் காட்ட முடியுமா? நரம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது? இப்போது எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆபத்து? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினங்கொள்ள மாட்டார். நான்கையும் எடுக்கச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் கேளுங்கள். மனம் ஒப்பாவிட்டால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

பல் எடுத்த முதல் நாள், குழியில் உறைந்த இரத்தமே காயத்துக்குக் காவல். அதனால் வேகமாகக் கொப்பளிக்கவோ புகைக்கவோ கூடாது. உளூவில் வாய்க்கு நீர் எடுப்பதிலும் அன்று மென்மை தேவை. சட்ட விளக்கத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டறியுங்கள். ரமளானில் அவசரமில்லாத பல்லைப் பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, விழுங்க முடியாமல் தவிப்பவர் மஃக்ரிபுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு நோன்பை விட்டு வேறு நாளில் நோற்கும் சலுகையை அல்லாஹ்வே அளித்திருக்கிறான்.

அந்த 18 வயதுப் பெண் இப்போது எக்ஸ்ரே எடுத்துவிட்டாள். மூன்று பற்கள் குற்றமற்றவை. ஒன்று சாய்ந்திருக்கிறது, அதை ஆறு மாதத்தில் மறுபடியும் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாளை அவள் அத்தா மறந்தாலும் நாங்கள் மறக்கமாட்டோம், இன்ஷா அல்லாஹ். ஈறு வீங்கிய அந்த மகனின் வீட்டாரோ இன்னும் இணங்கவில்லை. இதை அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினோம்.

நம் உடல்களை அமானிதமாகப் பேணவும், நம் பிள்ளைகளின் வலியைச் செவிமடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.